பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குக் கண்ணாடிப் பளபளப்பு: முதன்முறை செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

வட சென்னையில் பல வீடுகளின் பரணிலும் மாடிப்படியின் அடியிலும் இன்னும் ஒரு ஜோடி மர ஸ்பீக்கர் பெட்டிகள் கிடக்கின்றன. கேசட் காலத்தில் ஆசையாக வாங்கியவை, மைக் செட் வைத்திருந்தவர் தொழிலை விட்டபோது கைமாறியவை, மூர் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் பேரம் பேசித் தூக்கி வந்தவை என்று அவை வந்த வழி பலவிதம். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் நன்றாகவே பாடும். பெட்டியின் மேல்தான் டம்ளர் வைத்த வட்டங்களும், பூச்சாடி கசிந்த கறையும், வருடக்கணக்கில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த பிசுக்கும் படிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு ஜோடியை, ட்யூப் லைட்டின் பிம்பம் கோடு போட்டதுபோல் நேராகத் தெரியும் அளவுக்கு மின்ன வைப்பது எப்படி என்பதை, இதற்கு முன் பாலிஷ் வேலை செய்து பழகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பளபளப்பு என்பது மட்டம். மேற்பரப்பு மட்டமாக இருந்தால் ஒளி ஒழுங்காகத் திரும்பிப் பிம்பம் தெரிகிறது. நுண்ணிய மேடு பள்ளங்கள் இருந்தால் ஒளி சிதறிப் பிம்பம் கலங்குகிறது. விலை உயர்ந்த லாக்கரை (பளபளப்பு தரும் மேற்பூச்சை) மட்டமில்லாத மரத்தின் மேல் அடித்தால் அந்த மட்டமின்மைதான் இன்னும் பளிச்சென்று தெரியும். ஆகவே வேலையில் முக்கால் பங்கு லாக்கர் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மீதிக் கால் பங்கை நம் ஊர்க் கடற்காற்று தீர்மானிக்கிறது. ஐந்தாறு விடுமுறை நாட்களும், நடுவில் ஒரு மாதக் காத்திருப்பும் இருந்தால் இந்த வேலை நன்றாக முடியும்.

எந்தப் பெட்டி உழைப்புக்குத் தகும்

பெட்டி எதனால் ஆனது என்று அறிய வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பயனில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்த வட்டத் துளையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரத்தூளை அழுத்திச் செய்த ரொட்டிபோல் தெரிந்தால் பார்ட்டிக்கிள் போர்டு. ஒரே மரமாக ரேகை ஓடினால் அது கட்டி மரம், உங்கள் அதிர்ஷ்டம். பெரும்பாலான பழைய பெட்டிகளில் பிளைவுட் அல்லது பார்ட்டிக்கிள் போர்டின் மேல் தேக்கு வெனீர், அதாவது மெல்லிய மரத்தோல், ஒட்டியிருப்பார்கள். சிலவற்றில் மரரேகை அச்சடித்த பிளாஸ்டிக் தாள்தான் ஒட்டப்பட்டிருக்கும். ஒரே முடிச்சும் ஒரே ரேகையும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சுத் தாள். அதன் மேல் லாக்கர் நிற்காது. முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி அதை உரித்துவிட்டுப் புதிய வெனீர் ஒட்ட வேண்டும். வெனீர் சைடன்ஹாம்ஸ் சாலை மரக்கடைகளில் கிடைக்கும்.

தண்ணீர் குடித்த பார்ட்டிக்கிள் போர்டு வேறு விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத் தரைத்தள வீடுகளுக்குள் நின்றபோது, தரையில் வைத்திருந்த பெட்டிகளின் அடிப்பலகை ஊறிப் பருத்துவிட்டது. அப்படிப் பருத்த பலகை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை, திருகாணியையும் பிடிப்பதில்லை. அந்தப் பலகையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். நான்கு பக்கமும் ஊறியிருந்தால், ஸ்பீக்கரை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியை விட்டுவிடுவதே நல்லது. மரத்தில் குண்டூசித் துளைகளும் அவற்றினடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் உளு அரிக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து வைத்து, சில வாரங்கள் புதிய தூள் விழவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மேலே தொடருங்கள்.

கழற்றும்போது

முதலில் ஒயர் இணைப்புகளை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் சிவப்புக் குறியிட்ட முனையில் இருந்தது என்பதை மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்த ஒயரிலேயே ஒட்டிவிடுங்கள். பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, ஸ்பீக்கர் முகம் மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டு திருகாணிகளை எடுக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரம் கூடாது. ஸ்பீக்கரின் பின்னால் உள்ள காந்தம் இரும்பு ஸ்க்ரூடிரைவரை எதிர்பாராத வேகத்தில் இழுக்கும். முனை வழுக்கினால் நேரே காகிதக் கூம்பில்தான் இறங்கும். ஒரு கையால் திருகும்போது மறு கையின் உள்ளங்கையைத் திருகாணிக்கும் கூம்புக்கும் நடுவே தடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கூம்பு கிழிந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு அழகான பெட்டி செய்து என்ன பயன்?

கழற்றிய ஸ்பீக்கர்களைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, வேலை நடக்கும் இடத்திலிருந்து வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மரத்தூள் காந்த இடுக்கில் புகுந்தால் பாடும்போது கரகரக்கும். இரும்புத் தூள் புகுந்தால் எடுப்பது மிகவும் கடினம். இந்தக் காரணத்தாலேயே இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் இரும்பு நாரைப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சையும் பத்திரப்படுத்துங்கள். அது ஒலிக்காக வைக்கப்பட்டது. எல்லாம் எடுத்த பிறகு துளைகளையும் காற்றுக் குழாயின் வாயையும் உள்பக்கமாக அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள்.

பழைய பூச்சை எடுத்தல்

பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் சிறிய சோதனை செய்யுங்கள். பாலிஷ் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுக்கும்போது பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்குக் கரைந்தால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) போன்ற இறுகிய வகை. முதல் இரண்டையும் அதனதன் கரைப்பானில் நனைத்த துணியை விரித்து, ஊறவிட்டு, ரேகை ஓடும் திசையிலேயே பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். மூன்றாவது வகைக்குப் பெயிண்ட் ரிமூவர் தேவைப்படும். அது தோலில் பட்டால் எரியும் என்பதால் கனமான ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

மைக் செட் பெட்டிகளில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு, உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்க விடாமல், ரிமூவரால் ஈரமாகவே எடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்.

பழைய பூச்சு போன பிறகு, சுத்தமான வெள்ளைத் துணியில் தின்னர் ஊற்றி, துணி அழுக்காவது நிற்கும்வரை மரத்தைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், காருக்குப் போடும் சிலிகான் பாலிஷ் ஆகியவற்றில் எது மரத்தில் மிஞ்சியிருந்தாலும், பிற்பாடு லாக்கர் அந்த இடத்தில் மட்டும் விலகி மீன்கண் போல் சிறு வட்டங்களாகப் பிளந்துகொள்ளும். தேக்குக்கு இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் துடைப்பதை இரண்டு முறை செய்யலாம். தின்னர் ஈரம் இருக்கும்போது மரத்தைக் கவனியுங்கள்: அப்போது தெரியும் நிறம்தான் ஏறக்குறைய லாக்கருக்கு அடியில் தெரியப்போகும் நிறம். அது உங்களுக்குப் பிடித்திருந்தால் சாயம் போடும் வேலையே வேண்டாம். பழந்தேக்கின் நிறத்தை எந்தச் சாயமும் மிஞ்சாது என்பது என் கருத்து.

வெனீரும் விளிம்பும்

வெனீர் என்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள மரத்தோல். மெஷின் சாண்டரை விளிம்பருகே சில விநாடிகள் அதிகம் நிறுத்தினாலும் அடியில் உள்ள பசையும் பிளைவுட்டும் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். அதற்குப் பரிகாரம் கிடையாது. அதனால் முதல் ஜோடியை முழுக்கக் கையாலேயே தேய்க்கச் சொல்வேன். ஒரு சிறு மரக்கட்டையில் ரப்பர் ஒட்டி, அதன் மேல் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு, 150 நம்பரில் தொடங்கி 180, 220 என்று ஏறுங்கள். ரேகையோடு மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த ஒரு கீறல் இப்போது கண்ணில் படாது. பின்னால் எட்டுக் கோட்டு (எட்டு முறை) லாக்கர் ஏற்றியதும் அதன் அடியில் தலைமுடிபோல் தெரியும்.

வெனீர் எங்கே விட்டிருக்கிறது என்று அறிய விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாகவும், விட்ட இடம் காய்ந்த அப்பளத்தைத் தட்டியதுபோலும் ஒலிக்கும். அங்கே பிளேடால் ரேகையோடு சிறிய கீறல் போட்டு, ஊசி மருந்துக் குழலால் பெவிகாலைச் சிறிது தண்ணீர் விட்டு உள்ளே செலுத்தி, பிளாஸ்டிக் தாள் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். உடைந்துபோன மூலைக்கு அதே போன்ற வெனீர்த் துண்டை ரேகை பொருந்தும்படி வெட்டி ஒட்ட வேண்டும். சிறு பள்ளங்களுக்கு மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கலாம். சுவருக்குப் பூசும் பட்டி இங்கே ஒத்துவராது; மரம் அசையும்போது அது விரிசல் விட்டுத் தனியே தெரியும்.

கட்டி மரப் பெட்டியாக இருந்தால் கூர்மையான விளிம்புகளை ஓரிரு மில்லிமீட்டர் உருட்டிவிடுங்கள். கத்திபோன்ற விளிம்பில் லாக்கர் நிற்காமல் இழுத்துக்கொள்கிறது. பிறகு தேய்க்கும்போது முதலில் வெளுப்பதும் அந்த இடம்தான். வெனீர்ப் பெட்டியில் விளிம்பை மிக லேசாக மட்டும், கையில் பிடித்த 320 நம்பர் தாளால் ஒன்றிரண்டு முறை தடவி நிறுத்திவிட வேண்டும்.

துளை அடைத்தல்

தேக்கும் ஈட்டியும் திறந்த துளைகளுள்ள மரங்கள். உற்றுப் பார்த்தால் ரேகை முழுவதும் ஊசியால் கீறியதுபோல் நீளநீளமான சிறு பள்ளங்கள் தெரியும். இவற்றை அடைக்காமல் லாக்கர் அடித்தால் முதல் வாரம் கண்ணாடிபோல் இருக்கும். பிறகு லாக்கர் காயக் காய அந்தப் பள்ளங்களுக்குள் அமிழ்ந்து, பெட்டி முழுவதும் கோடு கோடாக விழுந்துவிடும். புதியவர்கள் கடந்துபோய்விடுகிற கட்டம் இதுதான். பாலிஷ்காரர் ஒருவரின் கைவேலையையும் இன்னொருவரின் கைவேலையையும் பிரித்துக் காட்டுவதும் இதே கட்டம்தான்.

மரக்கடைகளில் கிடைக்கும் ரேகை நிரப்பும் பட்டியை, மரத்தின் நிறத்தைவிட ஒரு சாயல் அடர்ந்ததாகத் தேர்ந்தெடுங்கள். வெளிறிய பட்டி துளைகளில் வெண்புள்ளிகளாக நிற்கும். தயிர்ப் பதத்துக்குக் கரைத்து, பழைய ஏ.டி.எம். அட்டை போன்ற ஒன்றால் ரேகைக்குக் குறுக்கே அழுத்தி அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். பளபளப்பு போய் மங்கத் தொடங்கும்போது சாக்குத் துணியால், அதுவும் குறுக்காகவே, மேலே நிற்பதை வழித்துவிடுங்கள். ரேகையோடு துடைத்தால் துளைக்குள் போனது திரும்ப வெளியே வந்துவிடும். முன்பலகையில் பாதி, பக்கப்பலகையில் பாதி என்று எடுத்துக்கொண்டால் இறுகுவதற்குள் வழிக்க நேரம் கிடைக்கும். ஒரு நாள் காயவிட்டு 220 நம்பரால் லேசாகத் தேய்த்து, வேண்டுமானால் இரண்டாம் முறையும் செய்யுங்கள்.

அதன் மேல் சாண்டிங் சீலர் என்ற, தேய்த்து மட்டப்படுத்தும் அடிப்பூச்சு இரண்டு அல்லது மூன்று கோட்டு. ஒவ்வொன்றும் காய்ந்த பின் 320 நம்பரால் கட்டை வைத்துத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள். தேய்பட்ட இடமெல்லாம் மங்கலான வெண்மையாக இருக்கும். அந்த வெண்மைக்கு நடுவே மணல்துகள்போல் மின்னும் புள்ளிகள் தெரிந்தால், உப்புத்தாள் எட்டாத பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன என்று பொருள். மின்னும் புள்ளி ஒன்றுகூட இல்லாமல், பலகை முழுவதும் அரிசி மாவு தடவியதுபோல் ஒரே சீராக மங்கித் தெரியும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். ஆனால் சீலர் மென்மையான பொருள். அதைக் கனமாக ஏற்றி விட்டுவைத்தால் பின்னால் வெடிக்கும். துளைக்குள் மட்டும் அது நிற்கும்படி, மேலே ஏறியதைப் பெரும்பாலும் தேய்த்து எடுத்துவிடுவதே முறை.

லாக்கரும் காற்றின் ஈரமும்

எந்தப் பூச்சு என்ற கேள்விக்கு முதல் வேலைக்கு என்.சி. கிளியர் லாக்கர் என்பதே என் பதில். இரண்டு பொருள் கலக்கும் பி.யு. இன்னும் கடினமானது, கீறல் தாங்குவது என்பது உண்மை. ஆனால் அதை இறுக வைக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. தகுந்த பாதுகாப்பு இல்லாத மொட்டை மாடியில் அதைத் தெளிப்பது சரியன்று. மேலும் பி.யு.வில் தவறு நேர்ந்தால் அடுத்த கோட்டு பழையதோடு கரைந்து சேராது. என்.சி. லாக்கரிலோ ஒவ்வொரு கோட்டும் முந்தையதைச் சிறிது கரைத்து ஒன்றாகிவிடும். எங்கே பிழை நேர்ந்தாலும் அங்கேயே திருத்தலாம். அரக்குப் பாலிஷின் அழகு தனிதான் என்றாலும், நம் ஊர்ப் புழுக்கத்திலும் தண்ணீர் டம்ளரிலும் அது வெளுத்துவிடும். பியானோக் கறுப்பு கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கறுப்பில் ஒரு தூசியும் மறையாது, அதை மூன்றாவது ஜோடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் ஜோடியை ஐப்பசியில், மழை விட்ட ஒரு மாலை, தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் தெளித்தேன். ஈரமாக இருந்தவரை தேக்கு ரேகை உள்ளிருந்து ஒளிர்வதுபோல் அவ்வளவு அழகாக இருந்தது. பத்து நிமிடத்தில் மேற்பலகையின் ஓரத்திலிருந்து ஒரு வெண்படலம் கிளம்பி, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் நடுவரைக்கும் பரவியது. துடைத்தும் போகவில்லை, காய்ந்தும் போகவில்லை. பட்டறைகளில் இதைப் பூத்துவிட்டது என்பார்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. அந்தக் குளிர்ச்சி காற்றின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே இறங்கினால் காற்றிலுள்ள ஈரம் லாக்கரின் மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. கணக்கைப் பாருங்கள்: வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை 26 டிகிரி. நான்கு டிகிரி குளிர்ந்தாலே பூத்துவிடும். வெப்பம் 34 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை 22 டிகிரிதான். பன்னிரண்டு டிகிரி இடைவெளி இருக்கிறது, பயமில்லாமல் தெளிக்கலாம்.

கடலுக்கு இவ்வளவு அருகில் வாழும் நாம் அந்த இடைவெளியை நாளுக்குள்ளேயே தேடிப் பிடிக்க வேண்டும். காலையில் காற்று ஈரமாக இருக்கும். வெயில் ஏற ஏற ஈரப்பதம் குறையும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்தவுடன் மறுபடி கூடும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அது முந்தி வரும். பெரம்பூர், மாதவரம் பக்கம் சற்றுப் பிந்தும். ஆகவே பத்து மணியிலிருந்து கடற்காற்று எழும்வரை உள்ள நேரமே நமக்கான நேரம். ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி வேலை செய்யும் இடத்திலேயே தொங்கவிடுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிட்டார்டர் (ஆவியாவதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்துகொள்ளுங்கள். 80-ஐத் தாண்டினால் அன்று தேய்க்கும் வேலை பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் வேலையே வேண்டாம். போகி அன்றும் அதற்கு முந்தைய நாட்களிலும் காற்றில் கரித்தூள் மிதக்கும் என்பதால் தை பிறந்த பிறகே தொடங்குவது நல்லது. பூத்துப்போன பெட்டியைச் சுரண்ட வேண்டியதில்லை. வறண்ட நாளில் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய பனிபோல் தெளித்தால், படலம் கரைந்து ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். என் பெட்டி அப்படித்தான் மார்கழி கடந்து பிழைத்தது.

அளவுக்கு ஒரு கணக்கு: 60 சென்டிமீட்டர் உயரம், 35 அகலம், 30 ஆழம் கொண்ட ஒரு பெட்டியின் ஆறு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஒரு ஜோடிக்கு எட்டுக் கோட்டு ஏற்ற இரண்டரை லிட்டர் லாக்கரும் அதே அளவு தின்னரும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். லாக்கரைத் தெளிக்கும் கன்னுக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரசர் சொந்தமாக இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். அல்லது வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் பேசி, அவர்கள் இடத்தில் தெளித்துக்கொள்ளலாம். கம்ப்ரசரின் காற்றுத் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து அதில் சேர்ந்திருக்கும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் வடித்துவிடுங்கள். நம் காற்றில் ஒரு மணி நேர ஓட்டத்திலேயே தண்ணீர் சேர்ந்துவிடும். அது கன் வழியாக வந்தால் லாக்கரில் கொப்புளங்கள் எழும்.

லாக்கரும் தின்னரும் பாதிக்குப் பாதி கலந்து, 1.4 மி.மீ. நாசில், சுமார் 30 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்து, முதலில் ஓர் அட்டையில் அடித்துப் பழகுங்கள். கன் பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பலகைக்கு நேராக, கை மணிக்கட்டில் வளையாமல் முழுக்கையாக நகர வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். தெளிக்கும் பலகை எப்போதும் படுக்கையாக இருக்கும்படி பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தால் லாக்கர் வழியாது. வழிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள்; இரண்டு நாள் இறுகவிட்டுப் பிளேடால் சீவி எடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று கோட்டு போதும், நடுவில் இரண்டு மணி நேரம். மறுநாள் 400 நம்பரில் கட்டை வைத்து லேசாகத் தேய்த்து மேடுகளைத் தட்டிவிட்டு அடுத்த மூன்று. ஸ்பீக்கர் உட்காரும் பள்ளத்தில் மட்டும் இரண்டு கோட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம். கனம் கூடினால் ஸ்பீக்கர் உள்ளே இறங்காது.

சித்திரை வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று பெட்டியை வெளியே வைக்காதீர்கள். மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே அகப்பட்ட தின்னர் குமிழிகளாக வெடித்து ஊசித்துளைகள் விழும். தகரக் கூரைக்கு அடியிலும் இதே கதைதான். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம் வேண்டும். தரையை முன்கூட்டியே ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டால் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி எழாது. லாக்கர் புகை எளிதில் பற்றிக்கொள்ளும். அருகில் அடுப்பு, ஊதுவத்தி, சிகரெட், பொறி தட்டும் சுவிட்சு எதுவும் கூடாது. தூசிக்குப் போடும் துணி முகக்கவசம் தின்னர் ஆவியைத் தடுக்காது; கரி வடிகட்டி உள்ள முகக்கவசம் ராசப்பா செட்டித் தெரு ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும், அதற்குச் செலவு செய்யுங்கள்.

காத்திருப்பும் தேய்ப்பும்

எட்டாவது கோட்டு முடிந்த மறுநாள் தேய்க்கக் கை துறுதுறுக்கும். மூன்று வாரமாவது, முடிந்தால் ஒரு மாதம், பெட்டியைத் துணி மூடாமல் ஒரு மூலையில் வையுங்கள். லாக்கர் அந்த நாட்களில் சுருங்கிக்கொண்டே இருக்கிறது. சுருங்கி முடிக்கும் முன் மட்டப்படுத்தினால், மட்டப்படுத்திய பிறகு மறுபடி சுருங்கி ரேகை மேலே எழும். மூக்கை அருகே கொண்டுபோனால் தின்னர் வாசனை அறவே இல்லை என்ற நாளில் தொடங்கலாம்.

800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, கட்டையில் சுற்றி, இரண்டு துளி பாத்திர சோப்பு விட்ட தண்ணீரால் நனைத்துக்கொண்டே நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். துளைகளுக்குள் தண்ணீர் போகாதபடி அடைப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது வரும் கரைசல் நீர் கலந்த பால்போல் வெண்மையாக இருக்கும் வரை நீங்கள் லாக்கரில் இருக்கிறீர்கள். அதில் டீயின் நிறம் கலந்தால் மரத்தைத் தொட்டுவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள். அவ்வப்போது துடைத்துச் சாய்த்துப் பார்த்து, மின்னும் பள்ளங்கள் எல்லாம் மறைந்ததும் 1000, 1500, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றினால் முந்தைய தாளின் கீறல் முழுவதும் போயிற்றா என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு நம்பரை அவசரப்பட்டுத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசிவரை கூடவே வரும். விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கட்டை போகக் கூடாது. அங்கே 2000 நம்பர் மட்டும், கையால்.

பிறகு காருக்குப் பயன்படுத்தும் ரப்பிங் காம்பவுண்டை, சிலிகான் கலக்காததாகப் பார்த்து வாங்கி, பருத்தித் துணியில் சிறிதளவு எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தை ஒரு நேரத்தில் தேயுங்கள். முதலில் மங்கல்தான் கூடும். ஏழெட்டு நிமிடத்தில் துணி வழுக்கத் தொடங்கும்போது அடியிலிருந்து பிம்பம் கிளம்பி வரும். பஃபிங் மெஷின் வைத்திருந்தால் குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். சூடேறினால் லாக்கர் இளகி இழுபடும். கடைசியாக நுண்ணிய பாலிஷால் ஒருமுறை. பெட்டியை ட்யூப் லைட்டுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். பிம்பம் நீர் அலைபோல் நெளிந்தால் 1000 நம்பருக்குத் திரும்ப வேண்டும். நேர்க்கோடாக, ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் வேலை முடிந்தது.

திரும்பப் பூட்டுதல்

பஞ்சை எடுத்த அளவே திரும்ப வையுங்கள். ஸ்பீக்கர் வளையத்தின் அடியில் பழைய ரப்பர் பட்டை நைந்திருந்தால் 3 மி.மீ. நுரைப் பட்டையை ஒட்டுங்கள்; காற்று கசிந்தால் பேஸ் மெலிந்துவிடும். தளர்ந்த திருகாணித் துளையில் பல்குத்தும் குச்சியைப் பசை தொட்டுச் செருகி, இறுகிய பின் மட்டமாக வெட்டிவிட்டால் பிடிப்பு திரும்பிவிடும். திருகாணிகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள்.

ஒயர் மாட்டியதும் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பெரிய கூம்பு ஒரு பெட்டியில் முன்னே வந்தால் மற்றதிலும் முன்னே வர வேண்டும். ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் போனால் ஒன்றின் ஒயர் மாறியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து பாடும்போது பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். அடியில் நான்கு ரப்பர் பாதம் ஒட்டி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு மாதம் பெட்டியின் மேல் பிளாஸ்டிக் விரிப்போ, பூச்சாடியோ, செட்டாப் பாக்ஸோ வேண்டாம்; முழுதாக இறுகாத லாக்கரில் அதன் அடித்தடம் பதிந்துவிடும். தூசிக்குத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி போதும். ஒரு வாரம் பாடிய பிறகு ஸ்பீக்கர் திருகாணிகளை மறுபடி கால் சுற்று முடுக்குங்கள்; நுரைப் பட்டை அமுங்கி அவை தளர்ந்திருக்கும்.